பெட்டி கண்ட கடல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரெல்லாம் உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது, ஒருத்தி மட்டும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிவிக்குள் இருக்கும் ஒரு சின்ன மனிதனைச் சுவரில் முட்ட வைத்துக்கொண்டிருப்பாள். ஒரு முட்டு. சுவர் விடாது. ஓர் அடி தள்ளி இன்னொரு முட்டு. அங்கேயும் விடாது. இதனாலேயே அவளுக்குச் ‘சுவர்முட்டி’ என்று பெயர் வந்தது. வைத்தவர்களும் அவளைப் போலவே பழைய வீடியோ கேம்களில் சுவர் முட்டுகிற ஒரு கூட்டம்தான். வேலை வெட்டி இல்லாதவள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். வாரத்தின் மற்ற நாட்களில் அவளுக்குத் தலை நிமிர நேரம் கிடையாது.

காது மிஷின் விற்கிற கடையில் பழுது பார்ப்பவள் அவள். கடையின் பின்பக்கம், கதவில்லாத ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, வளைகிற கழுத்துள்ள விளக்கு, பூதக்கண்ணாடி, மயிலிறகு மாதிரி மெத்தென்று ஒரு தூரிகை, பஞ்சுக் குச்சிகள், ஸ்பிரிட் புட்டி. எதிரில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். தங்கள் குரலே அவர்களுக்குக் கேட்காது, பாவம். துளையில் அடைத்த மெழுகை எடுத்து, பேட்டரி உட்காரும் இடத்தில் பூத்த பச்சைக் களிம்பைத் துடைத்து, மறுபடி காதில் மாட்டிவிட்டால், முகம் அப்படியே மலரும். ஒரு பெரியவர் மாத்திரம் மறுநாளே திரும்பி வந்தார். “கொஞ்சம் குறைச்சு வைம்மா. வீட்ல ரொம்பப் பேசறாங்க” என்றார். அவளும் சிரிக்காமல் குறைத்து வைத்தாள்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் துடை, அப்புறம் யோசி. இதுதான் அவள் தொழில் சுத்தம். பாதி வியாதி அழுக்கோடேயே போய்விடும் என்பாள். வேலைக்கு நடுவே பழுது பார்த்த மிஷினைத் தன் காதில் வைத்துச் சோதிப்பாள். அப்போது கடையே வேறு மாதிரி ஆகிவிடும். காற்றாடி கடல் போல இரையும், முன்பக்கத்தில் யாரோ காகிதம் மடிப்பது பக்கத்தில் நெருப்புப் பற்றுவது போலக் கேட்கும். அப்படியே கண்ணை மூடி ஒரு நிமிஷம் மிதப்பாள். முதலாளியம்மா, “என்ன, தூக்கமா?” என்று கேட்டால்தான் கரை சேருவாள்.

சுவர் முட்டுவது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வீடியோ கேம்களைச் செய்தவர்கள், பாதி கட்டிய அறைகளையும் வேண்டாமென்று விட்ட ஆட்களையும் அழிக்காமல், அப்படியே சுவருக்குப் பின்னால் போட்டு மூடிவிடுவார்களாம். எந்த இடத்திலாவது ஒரு கல் இளகி இருக்கும். கதவு மூடுகிற நேரம் பார்த்துக் குதித்தாலோ, மூலையில் விடாமல் நெருக்கினாலோ ஆள் உள்ளே விழுந்துவிடுவான். கூட்டத்தில் ஒருத்தர் அப்படி விழுந்து, வாசலே இல்லாத ஓர் அறையில் நாய் ஒன்று தூங்குவதைக் கண்டார். ஆட்டத்தில் வேறெங்கும் அந்த நாய் கிடையாது. யாரோ வரைந்து, அப்புறம் தேவைப்படாமல் போய், அழிக்கவும் மனசு வராமல் அங்கே தூங்க விட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக யாரும் எழுப்பவில்லை. இதைக் கேட்ட அன்று சுவர்முட்டிக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் அவள் தேடியது நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு கடல்.

அவளுடைய கேம் கேசட்டில் இருப்பது ஒரு விளக்குக்காரனின் கதை. உயரமான ஒரு கோபுரம், ஒவ்வொரு மாடியிலும் அணைந்துபோன விளக்குகள். அவன் ஏறி ஏறி ஏற்ற வேண்டும். மூன்றாவது லெவலில் வரிசையாகத் தூண்கள், கடைசியில் கீழே இறங்கி மூடும் ஓர் இரும்புக் கதவு. சின்ன வயதில் அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முட்டும்போது சுவர் விட்டது. விளக்குக்காரன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனான். போனால், அங்கே கோபுரமே இல்லை! கற்களெல்லாம் இளஞ்சிவப்புத் தண்ணீராகி அலையடித்தன. டிவியின் மேல் ஓரத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் தலைகீழாகி வானத்தில் தொங்கின. அவன் கையில் இருந்த ஒற்றை விளக்கு பலவாக உடைந்து, நாலா பக்கமும் மெல்ல மிதந்து போனது. பாட்டு நின்று, ஒரே ஒரு சுரம் மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவன் தண்ணீர் மேல் நடந்தான். முழுகவில்லை.

அம்மா கையுறை தைக்கும் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பா என்று ஒருவர் இருந்த சுவடே இல்லை. அம்மா வேறு என்ன செய்வாள், இரண்டு பெண்களையும் ஒற்றை அறைக்குள் வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவாள். வீட்டைக் காலி செய்துபோன பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக் கொடுத்த கேம் பெட்டியும், கோணல் மாணலாக நிறம் காட்டும் ஒரு டிவியும்தான் துணை. பெரியவளான சுவர்முட்டிக்கு அந்த நாட்களை நினைத்தால் பூட்டு ஞாபகம் வராது. அறை முழுக்க இளஞ்சிவப்பாக இருந்ததும், பக்கத்தில் தங்கச்சி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததும்தான் ஞாபகம் வரும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்துக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேரும்.

அம்மா இறந்துபோன பிறகு, அந்த அறையைக் காலி செய்ய அக்காவும் தங்கையும் சேர்ந்து போனார்கள். சின்னவள் ரயில் ஓட்டுபவள். அளந்துதான் பேசுவாள். போர்வைகளை மடித்துக்கொண்டே, “எனக்கு எதுவும் வேணாம்க்கா” என்றாள்.

கட்டிலுக்கடியில் இருந்து பெரியவள் அந்தப் பெட்டியை இழுத்தாள். “இது இருக்குடி இன்னும். கடல் ஞாபகம் இருக்கா?”

“என்ன கடல்?”

“விளக்குக்காரன் போவானே, ரோஸ் கலர்ல. நாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே கிடப்போமே.”

சின்னவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “இல்லக்கா. எனக்கு இந்த வீட்ல ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். அம்மா வெளியில பூட்டுவாங்கல்ல, அந்தச் சத்தம். நாம சிரிச்ச மாதிரி ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் இல்ல.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. போர்வையின் நுனிகளைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்.

பெரியவளுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த அந்த ரோஸ் வெளிச்சத்தில் தங்கை இல்லையா? அப்படியானால் அங்கே இருந்தது யார்? அதற்கப்புறம் சின்னவள் வருவதும் குறைந்தது. வந்தாலும் பழைய பேச்சை எடுத்தால் செருப்பைத் தேடுவாள். பெரியவள் மனசுக்குள் சபதமே எடுத்துக்கொண்டாள். தலைகீழாக நின்றாவது அந்தக் கடலை மறுபடி திறக்க வேண்டும், தங்கையை முன்னால் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். பாரு, நாமளும் சந்தோஷமாத்தான் இருந்தோம் என்று சொல்ல வேண்டும். சுவர் முட்டும் பைத்தியம் அவளைப் பிடித்தது இப்படித்தான்.

அதே பெட்டி, அதே கேசட். டிவி மட்டும் அதே காலத்து வேறொன்று, பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தது. உட்காரும் முன் ஒவ்வொரு தடவையும் கேசட்டின் பித்தளைப் பற்களை ஸ்பிரிட்டில் நனைத்த குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். பெட்டியின் வாயையும் துடைப்பாள். கேசட்டை ஆடாமல் அசையாமல் நெட்டுக்குத்தாக இறக்கி உட்கார வைப்பாள். நோயாளிக் காதில் மிஷின் மாட்டுகிற அதே பக்குவம். பிறகு மூன்றாவது லெவல், தூண்கள், இரும்புக் கதவு, சுவர். முட்டு, முட்டு, முட்டு. விளக்குக்காரன் ஒருநாளாவது சலித்துக்கொண்டிருப்பான். சுவர் அசைந்து கொடுக்கவில்லை.

கூட்டத்தில் கெட்டிக்காரர் ஒரு சமையல்காரர். ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை. அவர் ஆட்டத்தின் உள்வயிற்றையே கம்ப்யூட்டரில் கிழித்துப் பார்த்தவர். ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே போனில் பேசினார்.

“நானும் ஒரு மூலை விடாம பாத்துட்டேம்மா. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி அறையும் இல்ல, கடலும் இல்ல. அந்த ரோஸ் கலரே இந்த ஆட்டத்துல கிடையாது.”

“நான் பாத்தேன் அண்ணே.”

“நீ பாக்கலன்னு நான் சொல்லலியே. இல்லாத ஒண்ணைப் பாத்திருக்கேன்னா, ஒண்ணு நீ கனவு கண்டிருக்கணும். இல்ல, பெட்டி கனவு கண்டிருக்கணும்.” கத்தி தோலைச் சீவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. “பெட்டிங்களும் காணும். சூடு ஏறினா, சரியா உக்காரலன்னா, என்னென்னமோ உளறும்.”

பெட்டி கனவு காணும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சரியாக உட்காராவிட்டால் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் கைபட்டு ஒன்று சரியாக உட்காராமல் இருக்குமா? அந்தக் கர்வம்தான் அவளை இத்தனை நாள் அலைக்கழித்தது என்பது என் கட்சி.

இப்படி இருக்கையில் சின்னவளிடமிருந்து போன் வந்தது. வேலையில் மாற்றம், ரயில் பாதையின் அந்தக் கோடிக்குப் போகிறாள், இனி அடிக்கடி வர முடியாது. “ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன்க்கா.”

இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று பெரியவளுக்குப் பட்டது. காலையிலிருந்தே வீட்டைப் பெருக்கினாள், பெட்டியைத் துடைத்தாள், பற்களைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். சின்னவள் வந்து சாப்பிட்டு முடித்ததும் திரையை இழுத்துவிட்டாள். வெயில் துணியில் வடிகட்டி அறைக்குள் தேன் நிறத்தில் நின்றது.

“இந்தச் சனியனை இன்னும் விடலியா நீ?” என்றாள் சின்னவள். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துப் பாரு.”

பார்த்தாள். ரயில் ஓட்டுகிறவளுக்குப் பொறுமையாக முன்னால் பார்ப்பதைச் சொல்லியா தர வேண்டும்? விளக்குக்காரன் ஏறினான், விளக்குகளை ஏற்றினான், கடைசிச் சுவரில் முட்டினான். முட்டினான். கதவு இறங்குகிறபோது முட்டினான், இறங்கிய பிறகு முட்டினான். வெயில் மெல்ல நகர்ந்து திரையின் மறுபக்கம் போனது.

“அக்கா, போதும். இருந்துச்சுன்னே நான் நம்பறேன், சரியா?”

அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. “நீ எனக்காக நம்ப வேணாம்” என்றாள். “எனக்காக நம்பினா அது எதுக்கு? உனக்கு ஒண்ணுமே இல்லாம போச்சேன்னுதான் நான் இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். அந்த வீட்ல நல்லதும் இருந்துச்சுடி. நீயும் அங்க இருந்தே.” ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். இத்தனை வயசான பெண், ஒரு பொம்மை ஆட்டத்துக்காக அழுகிறாள் என்று யாருக்காவது சிரிப்பு வந்தால் வரட்டும். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் நாற்காலியை விட்டு இறங்கி வந்தாள். அக்காவுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. அங்கே உட்காராமல், டிவியைத் தாண்டி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஏன் அங்கே போனாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. உடம்பு அதுவாகப் போனது. பெட்டியின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கேசட்டில் முழங்கையை ஊன்றினாள், கன்னத்தில் கை வைத்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சரி, இன்னும் ஒரே ஒரு தடவை முட்டு. அப்புறம் டீ போடலாம்.”

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்பிக்கை இல்லாமல், முட்டினாள்.

சுவர் விட்டது.

கற்கள் கரைந்தன. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு ஊறி வந்து டிவித் திரையை நிறைத்தது. எழுத்துகள் தலைகீழாகப் புரண்டன, விளக்கு உடைந்து மிதந்தது, அந்த ஒற்றைச் சுரம் நீண்டு நீண்டு ஒலித்தது. அறை அந்தக் காலத்து அறையாகவே ஆகிவிட்டது.

“வந்துடுச்சு” என்றாள் ரகசியமாக. “வந்து பாருடி.”

சின்னவள் கையை எடுத்துவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தாள். அதே நொடியில் கடல் கோடு கோடாகக் கிழிந்து உறைந்து நின்றுபோனது.

“ச்சே, நீ வந்தாலே போயிடுது” என்றாள் பெரியவள்.

சொன்னபிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. யோசித்துச் சொன்னதில்லை. நாக்கில் ஏற்கெனவே இருந்தது, வாய் திறந்ததும் வெளியே வந்தது.

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். “இதை நீ முன்னாடியும் சொல்லியிருக்கே” என்றாள்.

“எப்போ?”

“எப்பவும். இப்பதான் ஞாபகம் வருது. நான் பாக்க வருவேன், அது போயிடும், நீ திட்டுவே. உன் ராசிடி, வராதேன்னு சொல்லுவே. அதனால நான் வரவே மாட்டேன். இதே மாதிரி பெட்டிக்குப் பின்னாடி உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ சிரிக்கிற சத்தம் கேக்கும். திரும்பினா உன் மூஞ்சி ரோஸா தெரியும். அதைத்தான் பாத்திருக்கேன்.” டிவியில் உறைந்த கோடுகளைப் பார்த்தாள். “கடலை நான் பாத்ததே இல்லக்கா.”

பெரியவள் பெட்டியைப் பார்த்தாள். நெட்டுக்குத்தாக உட்கார வைத்த கேசட், ஊன்றிய முழங்கையின் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு விரலை அதன் தலையில் வைத்து லேசாக அழுத்தினாள். உறைந்திருந்த படம் நடுங்கியது. எடுத்தாள், நின்றது. பல் சரியாகப் படாமல் பெட்டி உளறியிருக்கிறது. அந்த உளறல்தான் கடல். சுவரில் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களிலெல்லாம் ஒரு சின்னக் குழந்தை, தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்காவின் கடலைத் தன் முழங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. இவளோ அதைத் துரத்தியிருக்கிறாள்.

“உன் ராசி இல்லடி” என்றாள். “நீ கை வெச்சதாலதான் அது வந்துச்சு. நான் வெறும் முட்டுதான் முட்டினேன். மன்னிச்சுக்கோ.”

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

பெரியவள் எழுந்து, ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். டிவிக்கு நேர் எதிரில், தான் இத்தனை காலம் உட்கார்ந்த இடத்தில் அவளை அழுத்தி உட்கார வைத்தாள். ஆட்டத்தை முதலிலிருந்து துவக்கிவிட்டு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்கான இடம் அது. முட்டி இடித்தது.

“இதை எப்படிப் பிடிக்கணும்?” என்றாள் சின்னவள்.

“என்னடி கேள்வி இது?”

“நீ குடுத்ததே இல்லியே.” லேசாகச் சிரித்தாள்.

விளக்குக்காரன் தடுமாறினான், பள்ளத்தில் விழுந்தான், திரும்ப ஏறினான், திரும்ப விழுந்தான். இரண்டாவது லெவலில் படிக்கட்டைத் தவறவிட்டு வந்த வழியே நடந்தான். ‘இடது பக்கம், இடது பக்கம்’ என்று பெரியவளின் வாய் துடியாய்த் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒரு வழியாகத் தூண்கள் வந்தன, கதவு வந்தது. அவள் முழங்கையைக் கேசட்டில் ஊன்றி, தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து டிவியின் பக்கவாட்டு மட்டும்தான் தெரிந்தது.

சின்னவள் முட்டினாள். சுரம் நீண்டது. நெற்றியில் தொடங்கி கன்னம், கழுத்து என்று இளஞ்சிவப்பு அவள் மேல் இறங்கி வந்தது. அவள் வாய் கொஞ்சம் திறந்தது. கைகள் தாமாகவே விளக்குக்காரனைத் தண்ணீர் மேல் நடத்திக்கொண்டு போயின.

“அக்கா” என்றாள் வெகு நேரம் கழித்து. “இவ்ளோ பெருசா இது?”

“ம்.”

“நீயும் வந்து பாரேன்.”

“நான் வந்தா போயிடும்” என்றாள் பெரியவள். “நீ பாரு.”

அவள் கை மரத்துப்போயிருந்தது. எடுக்கவில்லை.